தானாகத் தின்னும் பிள்ளை

காலையில் பூபாலபிள்ளை கிணற்றடியில் இரண்டு வாளி வார்த்துக்கொள்வான். மூன்றாவது வாளித் தண்ணீரில் பரிமளத்தின் முகத்தையும் கைகளையும் கழுவித் துவாயால் துடைப்பான். குசினிக்குள் போய் முதல்நாள் ஊறவைத்த சோற்றைப் பிழிந்து, எருமைத் தயிர் விட்டு மசிப்பான். தண்ணீராக இருந்தால் கரண்டியில் நில்லாது, இறுகினால் பிள்ளைக்கு விக்கும். அந்தப் பதம் அவனுக்குக் கைவந்திருந்தது. சோற்றை இனாமல் தட்டில் போட்டு, கைப்பிடி அறுத்துக் குட்டையாக்கிய கரண்டியை வலப்பக்கம் வைப்பான். பிள்ளையைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, விழாதபடி இடுப்பைத் துவாயால் கட்டுவான். பிறகு பழைய வேட்டியில் கிழித்த நாடாவை எடுத்து அவளுடைய இடக்கையைக் கதிரைச் சட்டத்தோடு கட்டுவான். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அதன் பிறகுதான் தட்டை அவள் பக்கம் நகர்த்துவான்.

அவள் சாப்பிட்டு முடித்தால் முடிச்சை அவிழ்ப்பான். அழுதால் தட்டைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு முடிச்சை அவிழ்ப்பான். ஏசுவதில்லை, அடிப்பதில்லை. தட்டுப் போய்விடும், அவ்வளவுதான். அடுத்த சோறு மத்தியானம்.

பரிமளத்துக்கு அப்போது மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது.

வீடு அவனுடையதல்ல. பழுகாமத்தில் வீடு பெண்ணுக்குச் சேர்வது. மாப்பிள்ளை ஒரு ட்றங்குப் பெட்டியோடு வந்து ஏறுவான். பெண் போய்விட்டால் அதே பெட்டியோடு இறங்கிவிடுவான். அவனுடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை மாரிக்காலத்தில் செத்துப்போனாள். இரண்டாவது பிள்ளைப்பேறு. பிள்ளையும் தங்கவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் வீடு அவள் தங்கை கண்ணகையின் சீதனமாயிற்று என்று ஊருக்கே தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அந்த வளவுக்குள் அவனுடையதென்று மிஞ்சியவை ஒரு ட்றங்குப் பெட்டி, ஒரு சைக்கிள், பரிமளம். முதல் இரண்டையும் கொண்டுபோவதை யாரும் மறிக்கவில்லை.

மறித்தவர் சீனித்தம்பிப் போடியார். இலட்சுமிப்பிள்ளைக்கும் கண்ணகைக்கும் தாய்மாமன். தாய் தகப்பன் இல்லாத அந்தப் பெண்களுக்கு எல்லாம் அவர்தான். ஊருக்கு மேற்கே பெரிய வட்டை முழுவதும் அவருடைய வயல். அந்த வருடம் கண்ணகை அம்மன் கோயிற் சடங்குக்கு நாள் குறிக்கக் கூட்டம் கூடியபோது, வேலையெல்லாம் பேசி முடித்து வெற்றிலையை மடித்துக்கொண்டு அவர் இவன் பக்கம் திரும்பினார்.

"என்ன வாத்தியார், குருநாகலுக்கு மாத்தமாம்?"

"ஓம். ஆனி முடிய அங்க போய்ப் பாரமெடுக்க வேணும்."

"நல்லம். போறத்துக்கு முதல் கண்ணகைட கழுத்தில ஒரு தாலியக் கட்டிப்போட்டுப் போங்க. அவள் இஞ்ச இரிப்பாள், புள்ளையும் இஞ்ச இரிக்கும். நீங்க லீவுக்கு லீவு வந்து போங்க. சோத்துக்குச் சோறுமாச்சு, பாய்க்குப் பாயுமாச்சு."

கூட்டம் சிரித்தது.

"நான் பிள்ளையக் கொண்டுபோறன்," என்றான் பூபாலபிள்ளை.

சிரிப்பு நின்றது.

"என்னத்த? பொம்புளப் புள்ளையயா? எங்கட குடியில மிஞ்சின ஒரே குருத்து அது. தாயில்லாட்டித் தாயிர தங்கச்சி. இதுக்குள்ள தகப்பனுக்கு என்ன வேல? நீங்க பள்ளிக்குப் போனா ஆரு புள்ளைக்குச் சோறு தீத்துற?"

"அங்க மிஷன் அம்மாமார் சின்னப் பிள்ளைகளப் பகலில பாக்கிற இடமொண்டு இருக்கு. விசாரிச்சுப் பாத்தன். ஊட்டமாட்டாங்க. கரண்டியால தானாச் சாப்பிடுற பிள்ளையெண்டா எடுப்பாங்க."

போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார்.

"கரண்டியாலயா? அதுவா? அது கல்லப் பொறுக்கினாலும் சோத்தப் பொறுக்கினாலும் பீச்சங்கையாலதானே பொறுக்குது! வேப்பெண்ணெய் பூசிப் பாத்தாள், சூடு காட்டிப் பாத்தாள், அதின்ட தாயாலயே மாத்த ஏலாமப் போச்சு. இப்பிடிப் புள்ளைய எந்தப் பந்தியில இருத்துற, ஆருட்டக் குடுக்குற எண்டு நாங்க தலையில கை வச்சுக்கொண்டு இரிக்கிறம். நீங்க ஒரு ஆம்புள, புத்தகத்தப் பாத்துக்கொண்டு பழக்கப்போறிங்களாக்கும்!"

"பழக்குவன்."

"சரி வாத்தி. அம்மாள்ர வாசலில நிண்டு சொல்றன். சடங்குக் கடைசிநாள் குளிர்த்தி முடிஞ்ச அடுத்த நாள், இந்தச் சனத்துக்கு முன்னால, ஒரு தட்டுச் சோத்த உங்கட மகள் சோத்துக்கையால தானாத் திண்டு முடிக்கட்டும். கூட்டிப் போங்க, நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டா ட்றங்குப் பெட்டிய மட்டும் தூக்குங்க. சம்மதமா?"

"சம்மதம்."

"ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொன்னன்."

அவன் யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளை எதற்கு என்று யாராவது தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திராது. மனைவி செத்த நாளிலிருந்து அவனுக்கு எதுவும் சுடவுமில்லை, குளிரவுமில்லை. அழ வேண்டிய இடத்தில் ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் விளக்குத் திரியைத் தூண்டினான். போடியார் குறுக்கே கையை நீட்டியபோதுதான் முதன்முறையாக அவனுக்கு ஒன்று வேண்டும் போலிருந்தது. அது பிள்ளையா, அந்தக் கையைத் தட்டிவிடுவதா என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே அலமாரியைத் திறந்து, கலியாணத்துக்கு வந்து ஒருநாளும் புழங்காமல் கிடந்த கரண்டிகளில் ஒன்றை எடுத்து அரத்தால் அறுக்கத் தொடங்கினான். கண்ணகை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அத்தான் அறுக்கிறீங்க?"

"கரண்டி. கைப்பிடி நீளம்."

"அது அக்காட கரண்டி."

"அக்காட மகளுக்குத்தான்."

"மாமா சும்மா பகிடிக்குச் சொன்ன கதைக்கு இந்தப் பாடா?"

"அவர் பகிடிக்குச் சொன்னார். நான் பகிடிக்குச் சம்மதிக்கல்ல."

அவளுக்குப் பத்தொன்பது வயது. அக்கா படுக்கையில் விழுந்த நாள்முதல் பரிமளத்தை இடுப்பிலிருந்து இறக்காதவள். தாலிக் கதை அவள் காதிலும் விழுந்திருந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, இவனும் பேசவில்லை. அவளுக்குப் புருஷன் வேண்டுமோ இல்லையோ, பிள்ளை வேண்டும்.

அடுத்த வீட்டு ஆச்சிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தாள். "வாத்தியார், வெள்ளைக்காரன் கரண்டியால தின்னுறது கை கழுவத் தண்ணியில்லாத ஊரில பிறந்தபடியால. எங்களுக்குப் படலையத் துறந்தா வாவி. என்னத்துக்குக் கரண்டி?"

"பாப்பம்," என்றான் அவன்.

முதல் நாள் காலை பிள்ளையைக் கதிரையில் இருத்தித் தட்டை வைத்துக் கரண்டியைக் காட்டியபோது ஒரு காரியம் நடந்தது. பரிமளம் கரண்டியை இடக்கையால் எடுத்தாள். சோற்றில் குத்தினாள். ஒரு பருக்கை சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனாள். இன்னொரு வாய். மூன்றாவது வாயோடு நிமிர்ந்து அவனைப் பார்த்து, உதட்டில் தயிரோடு சிரித்தாள். யாரும் பழக்காமலே பழகிய பிள்ளை.

மிஷன் அம்மாமாருக்கு அது போதும். போடியாருக்குப் போதாது. அவர் சொன்னது சோத்துக்கை.

அவன் கரண்டியைப் பிடுங்கி அவளுடைய வலக்கையில் வைத்தான். அவள் அதை இடக்கைக்கு மாற்றினாள். மறுபடி வலக்கையில் வைத்தான். மறுபடி மாற்றினாள், அவன் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் உள்ளே போய்ப் பழைய வேட்டியை எடுத்து நாடா கிழித்தான்.

வலக்கையில் கரண்டி வேறு பொருளாகிவிட்டது. சோறு அள்ளும்போது சரியாக இருக்கும். வாய்க்குக் கிட்ட வரும்போது மணிக்கட்டுப் புரண்டு சோறு மடியில் விழும். வெறுங்கரண்டி வாய்க்குள் போகும். அவள் திகைத்துக் கரண்டியின் உள்ளே பார்ப்பாள். அவன் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் பழக்கியவன். அதே மாதிரிப் பின்னால் நின்று அவள் கைமேல் தன் கையை வைத்து அள்ளி, தூக்கி, வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினான். பிறகு கையை எடுத்து மணிக்கட்டை மட்டும் தாங்கினான். பிறகு முழங்கையை. ஒரு நல்ல ஆசிரியன் செய்வதெல்லாம் செய்தான். ஆனால் தட்டின் விளிம்பில் அவனுடைய மறுகை எப்போதும் இருந்தது. அவள் கட்டிய கையை இழுத்து வீரிட்டால் தட்டு எழும்பும். கரண்டியை எறிந்தால் தட்டு எழும்பும்.

முதல் சில நாட்கள் அநேகமாக எல்லா வேளையும் தட்டு எழும்பியது. தண்ணீர் மட்டும் கேட்டபோதெல்லாம் கொடுத்தான். பிள்ளை அலறுவது ஆச்சிப்பிள்ளையின் வளவைத் தாண்டிக் கேட்டது. வேலிக்கு மேலால் இப்போது அவள் பகிடி விடவில்லை.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்து பிள்ளையைத் தூக்கியபோது கழுத்து மடிப்பில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தான். மீன் குழம்பு. கண்ணகை கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஊட்டினியா?"

"ஊட்டின நான்." அவள் நிமிரவில்லை. "பசியில மண்ணத் தின்னப்போன புள்ளைக்கு உருட்டி ஊட்டின நான். அம்மாளாண, இனியும் ஊட்டுவன்."

"நீ ஊட்டினா அவள் ஏன் பழகப்போறாள்?"

"பழகாட்டி என்ன? இஞ்ச இரிக்கட்டும். ஆருக்கு நட்டம்?"

"அப்ப நீ பிள்ளைட பசிக்கு ஊட்டல்ல. என்னைத் தோக்கடிக்க ஊட்டுறாய்."

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அதுக்கும்தான்," என்றாள்.

மறுநாளிலிருந்து அவன் பிள்ளையைச் சைக்கிளில் முன்னால் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். தட்டு, கரண்டி, நாடா எல்லாம் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் போயின. மத்தியானம் வகுப்பில் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அதே மாதிரிக் கட்டி, அதே மாதிரித் தட்டை வைத்தான். மாணவர்கள் முதல்நாள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அடுத்த நாள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டார்கள்.

பரிமளமும் பழகினாள். கன்னம் வற்றி, கண் பெரிதாகி, ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறிந்துகொண்டாள். அழுகை வரும்போது வாயை இறுக மூடிக்கொண்டு தட்டின் விளிம்பில் இருக்கும் அவன் விரல்களைப் பார்ப்பாள். மூக்கால் மட்டும் புசுபுசுவென்று மூச்சு வரும். விரல்கள் அசையாதிருக்கும். கொஞ்ச நேரத்தில் கரண்டி எழும்பும். மணிக்கட்டுப் புரளுவது நின்றது. மடியில் விழுவது குறைந்து, வைகாசி பிறந்தபோது விழுவதே இல்லாமற் போயிற்று. ஒருநாள் அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்துக் கரண்டியை வலப்பக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனித்தான். ஒரு கணக்குச் சரிவந்ததைப் பார்ப்பதுபோல் இருந்தது.

சடங்கு நாட்களில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நாடா இல்லாமல் ஒரு வேளையாவது சாப்பிட வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவன் நினைத்தான். கோயிற் பந்தலுக்குத் தென்னோலை கட்ட அவனையும் கூப்பிட்டார்கள்; பறையும் உடுக்குமாக நாட்கள் போயின. பார்க்கவில்லை.

குளிர்த்தி முடிந்த அடுத்த நாள் காலை கண்ணகை பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன் என்று நேரத்தோடு கொண்டுபோனாள். அவன் மறிக்கவில்லை, சனத்துக்கு முன்னால் பிள்ளை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவனும் நினைத்தான். அவள் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, பொட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பந்தலுக்குள் பாய் விரித்துச் சனம் இருந்தது. சடங்குக்கு வந்து இன்னும் ஊருக்குப் போகாத உறவுகளும் இருந்தார்கள். பூபாலபிள்ளை கதிரையைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"கதிரையும் குருநாகலுக்குப் போகுதோ?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அதுக்கும் பாசாக வேணுமே!" என்றான் இன்னொருவன்.

போடியார் வீட்டிலிருந்து தயிர்ச்சோறு வந்தது. அவரே தட்டை வாங்கித் தன் கையால் போட்டார். குவித்துப் போட்டார். பெரியவர்களுக்குப் போடுகிற அளவு.

"போடியார், இது சின்னப் பிள்ளை," என்றான் அவன்.

"ஒரு தட்டு எண்டுதானே சொன்ன நான்? அரைத் தட்டு எண்டு சொன்னனா?"

சொல்லவில்லை. அவன் தட்டை வாங்கிப் பிள்ளைக்கு முன்னால் முக்காலியில் வைத்தான். கரண்டியை வலப்பக்கம் வைத்தான். இடுப்பில் துவாயைக் கட்டினான்.

பரிமளம் இடக்கையை அவனிடம் நீட்டினாள்.

மணிக்கட்டை மேலே காட்டி, விரல்களை மடித்து, காப்புக்காரனிடம் கொடுப்பதுபோல் நீட்டினாள். சனம் அதென்னவென்று விளங்காமல் பார்த்தது. பிள்ளை நீட்டியபடியே இருந்தாள். மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்த வரியொன்று எல்லோருக்கும் தெரிந்தது.

"என்னத்துக்குக் கை நீட்டுது?" என்றார் போடியார்.

"கட்டச் சொல்லிக் கேக்குது!" கண்ணகை பாயிலிருந்து எழும்பினாள். "ஒவ்வொரு நாளும் மாட்டக் கட்டுற மாதிரி அந்தக் கையக் கட்டிப்போட்டுத்தான் பழக்கினவர். பாருங்க மாமா, வடுவப் பாருங்க. இது புள்ள வளப்பா?"

சனம் சலசலத்தது. போடியார் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் தடவினார்.

"இதுக்கென்னடி? ஒரு காப்புப் போட்டா மறைஞ்சிரும்."

"மாமா!"

"நுகத்தில பூட்டாத மாடு உழவு பழகுமா? உங்கட அக்கா வேப்பெண்ணெய் பூசிக் கொஞ்சிக்கொண்டு இருந்தாள். என்ன நடந்த?" பிறகு இவன் பக்கம் திரும்பினார். "ஆனா வாத்தி, தானா எண்டு சொன்ன நான். இஞ்ச கட்ட ஏலா."

"கட்டல்ல," என்றான் பூபாலபிள்ளை. நாடா அவன் மடியில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. பிள்ளையிடம், "சாப்பிடு," என்றான்.

அவள் சாப்பிடவில்லை. நீட்டிய கை நீட்டியபடி. அவன் முகத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். அவனுடைய மறுகை பழக்கத்தில் தட்டின் விளிம்புக்குப் போயிருந்தது. அந்த விரல்களைப் பார்த்தாள். போடியாரின் உதட்டோரத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது.

அப்போது பரிமளம் இடக்கையைத் தானே கொண்டுபோய்க் கதிரைச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே நுழைத்தாள். உள்ளே தள்ளி, சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டிய கை எப்படி இருக்குமோ அப்படி. பிறகு வலக்கையால் கரண்டியை எடுத்தாள்.

அள்ளினாள், தூக்கினாள், வாய்க்குள் வைத்தாள். கரண்டி திரும்பித் தட்டுக்குப் போனது. ஒரு பருக்கை மடியில் விழவில்லை. ஒரு கிழவி மெல்ல, "அம்மாளே," என்றாள்.

குவியல் பாதியானபோது பிள்ளையின் வேகம் குறைந்தது. வாயிலிருந்த சோறு உள்ளே போக நேரமெடுத்தது. விழுங்கும்போது தோள் உயர்ந்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்துப் பொட்டுக் கரைந்தது. பூபாலபிள்ளைக்குப் பிள்ளையின் தொண்டையும் வயிறும் எழுத்துப் போலத் தெரியும். பசியோடிருக்கிற பிள்ளை இப்படி விழுங்காது. இவள் வயிறு முன்னமே நிறைந்திருக்கிறது. காலையில் என்ன நடந்தது என்று அவனுக்கு விளங்கியது.

இனியும் தின்றால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்றும் விளங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் தோல்வி. விரல்கள் விளிம்பிலேயே இருந்தன. விரல்கள் அங்கே இருக்கும்வரை பிள்ளையும் நிறுத்தவில்லை.

கண்ணகைதான் தாங்கவில்லை. ஓடிவந்து முக்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"காணும் மாமா, நிப்பாட்டச் சொல்லுங்க! அவள் இனி ஏலாள். விடியச்சாமமே ஆச்சிப்பிள்ளையக்கா வீட்ட வச்சு நான் ஊட்டின நான். பிட்டும் வாழைப்பழமும், கழுத்துமட்டும் ஊட்டின நான். தட்டத் தள்ளிப்போடுவாள் எண்டுதான் ஊட்டின நான்!"

சனத்துக்குள் முணுமுணுப்பு எழும்பியது. ஆச்சிப்பிள்ளை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். போடியார் கண்ணகையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை இத்தனைக்கும் நடுவே அடுத்த கரண்டியை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடியா?" என்றார் போடியார். "அப்பிடியெண்டா இன்னும் திறம். பசிச்ச புள்ள தின்னுறது புதினமில்ல. வயிறு நிறைஞ்ச புள்ளையும் சோத்துக்கையால தானாத் தின்னுது. எங்கட பொம்புளையளால ஏலாத வேலய வாத்தி செஞ்சுபோட்டார்."

"மாமா, அவள் சாகப்போறாள்!"

"சோறு திண்டு செத்த புள்ளைய நான் கேள்விப்பட்டதில்ல. நீ எழும்பிப் போ கா. கோயில் வாசலில வச்சுக் கள்ள வேலை பாத்துப்போட்டு, கதைக்கவும் வந்திட்டாய்."

கண்ணகை எழும்பவில்லை. அங்கேயே குந்தியிருந்து கடைசிக் கரண்டி வரை பார்த்தாள். தட்டு வெறுமையானதும் பரிமளம் கரண்டியை வலப்பக்கம் வைத்தாள். இடக்கையை மட்டும் எடுக்கவில்லை. அவன் குனிந்து சட்டத்திலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான்.

"கூட்டிப் போங்க வாத்தியார்," என்றார் போடியார். "சொன்ன சொல் சொன்னதுதான். பெரிசானாப் பிறகு கலியாணத்துக்கு இஞ்ச கொண்டு வாங்க. இப்ப எந்தப் பந்தியிலயும் இருத்தலாம்."

பிள்ளை கோயிலின் பின்பக்கம் பூவரச மரத்தடியில் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். முதலில் தயிர்ச்சோறு, பிறகு பிட்டு. அவன் தலையைப் பிடித்துக்கொண்டான், வாய் கழுவிவிட்டான். அவள் அழவில்லை. தூரத்தில் கண்ணகை தண்ணீர்ச் செம்போடு நின்றாள். கிட்ட வரவில்லை. வா என்று அவனும் சொல்லவில்லை. ஒருவர் செய்ததை ஒருவர் அறிந்த இரண்டு பேர், நடுவில் பிள்ளை.

ஆனி மாதத்தில் ஒரு காலை அவர்கள் வெளிக்கிட்டார்கள். தோணியில் வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரைக்குப் போய், பஸ் எடுத்து மட்டக்களப்பு, அங்கிருந்து ரயில். ட்றங்குப் பெட்டியும் சைக்கிளும் முன்னமே தோணியில் ஏறியிருந்தன. துறைக்குப் போடியார் வரவில்லை. ஒரு சாக்கு அரிசி அனுப்பியிருந்தார். ஆச்சிப்பிள்ளையும் இன்னும் சில பெண்களும் கரையில் நின்றார்கள். கண்ணகை மட்டும் சீலையை நனைத்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.

அங்கே நடந்ததைப் பற்றிக் கண்ணகை பின்னாளில் சொன்ன கதையொன்று ஊரில் இருக்கிறது. பிள்ளை தோணிக்குள் புரண்டு, 'சின்னம்மா, என்ன விட்டுப்போட்டுப் போகாதிங்க, உங்கட கையாலதான் எனக்குச் சோறு வேணும்' என்று கதறியதாம். கரையில் நின்ற பெண்கள் தாங்களும் கேட்டதாகச் சொன்னார்கள். மூன்றாம் வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பேச்சு வராது என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வருடம் லீவில் வந்தபோது பூபாலபிள்ளையிடமும் கேட்டார்கள். "ஓம், அழுதவள்தான்," என்றான். அப்படிச் சொல்வது எல்லோருக்கும் சுகமாக இருந்தது.

அழுதது கண்ணகை. தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, வாய் கோண, வெட்கமில்லாமல் அழுதாள். தோணிக்காரன் கம்பை ஊன்றாமல் காத்திருந்தான். பரிமளம் தகப்பனின் மடியிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பித் தகப்பனின் கையைப் பார்த்தாள். கை சும்மா கிடந்தது. அவள் மடியிலிருந்து நழுவி, விளிம்புக்குப் போய், சின்னம்மாவின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். தகப்பனுக்கு, அவள் அப்போது சொன்ன சொற்களை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நினைவில்லை. அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டவை. மிகவும் மெதுவாக, அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல், காதுக்குள் சொன்னாள்:

"அழாத, சின்னம்மா. அழுதாச் சோறு இல்ல."